கேன்டர்பரியின் ஒப்புதல் தேவையில்லை

மேலே ஒரு நண்பர், ‘இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து கிளைத்த ஆங்கிலிக்கன் திருச்சபைகளின் புனிதர் நாட்காட்டி இங்கிலாந்தில் தயாராவது, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயர் ஒப்புக்கொள்ளாமல் வேறு நாட்டவர் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது’ என்று எழுதியிருக்கிறார். இது தவறு. கத்தோலிக்கர்களுக்கு ரோமில் நடப்பதுபோல் புனிதர் பட்டம் வழங்கும் மைய அமைப்பே ஆங்கிலிக்கர்களிடம் கிடையாது. யாரை நினைவுகூர்வது என்பதை அந்தந்த நாட்டுத் திருச்சபையே தன் ஆட்சிமன்றத்தில் முடிவு செய்கிறது. மிஷனரிகள் இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெப புத்தகத்தைப் பிற நாடுகளுக்குக் கொண்டுபோன காலத்தில் ஆங்கிலேய நாட்காட்டியும் கூடவே போனது உண்மைதான். ஆனால் அது பழைய கதை.

நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே அக்டோபர் 19 தாரோரே என்ற மாவோரிப் பூர்வகுடிச் சிறுமியின் நாள். 1836-இல் வைரேரே அருவி அருகே இரவில் தங்கியிருந்தபோது எதிர்க் குழுவினர் அவளைக் கொன்றார்கள். மாவோரி மொழியில் இருந்த அவளுடைய லூக்கா நற்செய்திப் புத்தகத்தையும் எடுத்துச் சென்றார்கள். அவள் தந்தை பழிவாங்கக் கூடாது என்றார். பிறகு அந்தப் புத்தகம் வாசிக்கப்பட்டு, கொன்றவரே மனம் திரும்பியதாக மாவோரிகள் சொல்லி வருகிறார்கள். இப்படிப்பட்ட நினைவை இங்கிலாந்தில் உட்கார்ந்து யாரும் எழுதித் தர முடியாது.

இன்னொன்று, பெயர்கள் எதிர்த்திசையிலும் பயணிக்கின்றன. 1896-இல் இன்றைய ஜிம்பாப்வேயில் கொல்லப்பட்ட நற்செய்திப் பணியாளர் பெர்னார்ட் மிசெக்கி, 1977-இல் இடி அமீன் ஆட்சியில் கொல்லப்பட்ட உகாண்டா பேராயர் ஜனானி லுவும் இருவரும் இன்று இங்கிலாந்துத் திருச்சபையின் நாட்காட்டியிலேயே இருக்கிறார்கள்.