கை நுழையாத விளக்கு

பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு இரவில் வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு இது பழகிய சங்கடம்தான். எதிரே ஒற்றை விளக்கோடு வருவது மோட்டார் சைக்கிளா, ஒரு கண் போன காரா, தக்காளிக் கூடை ஏற்றிய டெம்போவா என்பது அது மிக அருகில் வந்த பிறகுதான் தெரியும். அப்படி வருகிற வண்டிகளின் ஓட்டுநர்களை நான் நிறையவே திட்டியிருக்கிறேன். போன மாதம் ஒரு ராத்திரி அந்த ஒற்றைக்கண் வண்டி என்னுடையதாகவே இருந்தது.

அணைந்தது வலது பக்க விளக்கு. நம் ஊரில் எதிர் வண்டி நமக்கு வலப்புறமாகத்தான் கடந்து போகும் என்பதால், இடது விளக்கு போவதைவிட இது மோசம். எதிரே வருகிறவர் கண்ணுக்குச் சாலையோரத்தில் ஒரு பைக் வருவதாகத்தான் படுமே தவிர, அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டுக்குள் இன்னும் நான்கைந்து அடி அகலத்துக்குத் தகரம் வருகிறது என்பது தெரியாது. ஒரு தனியார் பேருந்து அப்படித்தான் நினைத்து நடுக்கோட்டைத் தாண்டி வந்து, கடைசி நொடியில் ஒடித்துப் போனது. இண்டூரில் ஒரு பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி நிறுத்தினேன். டேஷ்போர்டுக்குள் மாற்று பல்பு ஒன்று எப்போதும் கிடக்கும் என்பதால், பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் எண்ணினேன்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் விளக்குக்கு நேர் பின்னால் பேட்டரி உட்கார்ந்திருந்தது. பேட்டரிக்கும் விளக்கின் முதுகுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நான்கு விரல்கள் போயின, கட்டைவிரல் போகவில்லை. செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பி கிளிப்பை விரல் நுனியால் தடவித் தடவித் தேடினேன். கடைசியில் அது விடுபட்டபோது, பழைய பல்பு என் விரலில் படாமல் நழுவி, பம்பருக்குள் எங்கேயோ 'டக்'கென்று விழுந்தது. புதிய பல்பை உள்ளே நுழைத்தேன், ஆனால் அது உட்காரவில்லை. முக்கால் மணி நேரம் போராடிவிட்டு, விரல் முட்டிகளில் தோல் உரிந்ததுதான் மிச்சமாக, ஒரு அரசுப் பேருந்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் தருமபுரியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் முன் பம்பரையே கழற்றி இறக்கித்தான் அந்த பல்பை மாட்டினார். பல்பின் விலை 200 ரூபாய், கூலி 700. காரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதே கார் வைத்திருக்கும் நண்பர்கள் வந்து தங்கள் வண்டியில் இரண்டே நிமிடத்தில் மாற்றியதாகச் சத்தியம் செய்வார்கள்.

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்றால், இந்த வேலை ஒரு காலத்தில் எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் ஒரு மாருதி 800 இருந்தது. அதில் விளக்கின் பின்பக்கம் முழுவதும் திறந்த வெளி. மூன்று முனை கப்ளரை இழுத்து, ரப்பர் மூடியை உரித்து, கம்பி கிளிப்பை அழுத்தித் தள்ளினால் பல்பு தானாகவே கையில் வந்து உட்காரும். புது பல்பை அப்பா கைக்குட்டையால்தான் பிடிப்பார். ஹாலஜன் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடி மிகக் கடுமையாகச் சூடேறும் என்பதால், விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் கூடுதலாகக் காய்ந்து பல்பு சீக்கிரம் போய்விடும். எட்டாம் வகுப்புப் பையனாகிய எனக்கு அந்தக் காரணம் புரியவில்லை என்றாலும், அந்த வேலையைத் தனியாகச் செய்யத் தெரிந்திருந்தது.

அந்த பல்பு எச்4 வகை. 1971-இல் வந்தது. ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என இரண்டு இழைகள் இருக்கும். டிம் இழைக்குக் கீழே குழிந்த தகடு ஒன்று ஒளியை மறைத்து, பிரதிபலிப்பானின் மேல்பாதிக்கு மட்டும் அனுப்புவதால்தான் வெளிச்சம் சாலையில் இறங்கி விழுகிறது, எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பதில்லை. பல்பின் கழுத்தில் இருக்கும் மூன்று காதுகளும் அதற்குரிய பள்ளங்களில் சரியாகப் பொருந்தினால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். ஆகவே கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரல் நுனியால் பல்பை மாட்டச் சொல்வது சிரமம் மட்டுமல்ல. கோணலாக உட்கார்ந்த பல்பு எரியவே செய்யும், ஆனால் வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது, டிம்மில் ஓட்டினாலும் எதிரே வருகிறவருக்குக் கண் கூசும்.

எல்லாக் கார்களும் ஒரே மாதிரி என்று சொல்லவில்லை. சிலவற்றில் ஒரு பக்கம் எளிது, மறுபக்கம் கடினம். ஏர் ஃபில்டர் பெட்டியோ கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டியின் குழாயோ எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சிலவற்றில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துவிட்டு, சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறையில் ஒரு சிறு மூடியைத் திறந்து, சேறு படிந்த அந்தத் துளைக்குள் கையை விட வேண்டும். வேறு சிலவற்றில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் விளக்கே முழுதாக முன்னால் வந்துவிடும். வேலை கொஞ்சம் கூடுதல்தான் என்றாலும் இது நேர்மையான ஏற்பாடு, பல்பை நம் கண்ணெதிரே வைத்து மாட்டலாம்.

இப்படி ஏன் செய்கிறார்கள் என்று சென்னைப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அக்கா மகனிடம் கேட்டேன். "மாமா, எங்க லைன்ல பல்போட சேர்த்து ஹெட்லைட் முதல்ல ஏறிடும், பம்பர் அப்புறம்தான். பல்பு கழட்டுற வேலைன்னு அங்க ஒண்ணு கிடையவே கிடையாது" என்றான். என்ஜின் அறையில் ஏசி, பவர் ஸ்டியரிங், டர்போ என்று ஒவ்வொன்றாக வந்து இடத்தை அடைத்தது உண்மை, விளக்குகள் பெரிதாகிப் பக்கவாட்டில் வளைந்து போனதும் உண்மை. ஆனாலும் அவன் சொன்னதுதான் எனக்கு முக்கியக் காரணமாகப் படுகிறது. காரை வடிவமைக்கிற இடத்திலும் பூட்டுகிற இடத்திலும், இருட்டில் பல்பு மாற்றப் போகிறவன் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

சட்டம் ஓட்டுகிறவனிடம்தான் கேட்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆவது விதி, 155 மீட்டர் தொலைவில் இருப்பது தெளிவாகத் தெரியும்படி விளக்கெரிய வேண்டும் என்கிறது. செய்கிறவர்களிடம் கேட்கும் விதியும் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஐக்கிய நாடுகளின் 48-ஆம் எண் வாகன ஒழுங்குமுறை, வண்டியோடு தரப்படும் கருவிகளைத் தவிர வேறு சிறப்புக் கருவி இல்லாமல் பல்பை மாற்ற முடிய வேண்டும் என்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரண ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு பம்பரைக் கழற்றுவதற்குச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டியதில்லையே! என் காரோடு வந்த கையேடு அந்தத் தொல்லைகூட வைக்கவில்லை. அப்பாவின் கையேட்டில் படம் போட்டு விளக்கியிருந்த இடத்தில், இதில் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும் என்று ஒரே வரிதான் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரை மணிக்கு இண்டூரில் நான் எந்த மையத்தை அணுகுவது?

பம்பரைக் கழற்றிய எலக்ட்ரீஷியன், "எல்.இ.டி. போட்டுடலாம் சார், அப்புறம் இதைத் தொடவே வேண்டாம்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், இந்த வேலை அவருக்கும் எரிச்சலானதுதான். ஆனால் ஹாலஜன் இழைக்கென்று கணக்கிட்டுச் செய்த பிரதிபலிப்பானுக்குள் கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பைச் செருகினால் பெரும்பாலும் ஒளி சிதறுகிறது. தொப்பூர்க் கணவாயில் பின்னாலிருந்து கண்ணாடியில் வந்து அறையும் வெளிச்சத்தில் பாதி இப்படிப்பட்ட மாட்டல்தான் என்பது என் சந்தேகம். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வரும் கார்களில் அது நெடுநாள் உழைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றில் பலவற்றில் ஒளி போனால் பல்பு என்று தனியாக மாற்ற ஒன்றும் இருக்காது, விளக்கையே முழுதாக வாங்க வேண்டும்.

இந்தக் காரை விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்று சென்ற ஞாயிறு கிருஷ்ணகிரியில் பழைய கார் விற்கும் இடம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மற்றவர்கள் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பானெட்டைத் திறந்து வலது விளக்கின் பின்னால் கையை விட்டேன். விற்கிற தம்பி ஓடி வந்து, "என்னண்ணா, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்றார். பல்பு எட்டுகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன். என் கை மணிக்கட்டுவரை போய்ச் சேர்ந்தது, வெளியே எடுக்கும்போது கைக்கடிகாரம் மாட்டிக்கொண்டது. அவர் வந்துதான் வாரைக் கழற்றிவிட்டார். விலையைக் கேட்காமலே அடுத்த காருக்கு நகர்ந்தேன்.