லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் பணம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது, கையில் வந்ததைத் தீபாவளிக்கே கரைத்துவிடுவார்கள் என்று போன கிழமை ஒரு பதிவு பார்த்தேன். எழுதியவர் நம்ம பக்கத்து ஆள்தான், இப்போது கொழும்பில் இருக்கிறார். சேமிப்பு என்றாலே வங்கிப் புத்தகம் என்று நினைக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். டிக்கோயாவோ மஸ்கெலியாவோ இராகலையோ, தோட்டத்து வரிசை வீடுகளான ஏதாவது ஒரு லயத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பழைய தகரமும் சாக்கும் வைத்து அடித்த ஒரு மாட்டுப் பட்டி இருக்கும், உள்ளே ஒரு ஜேர்சிக் கலப்பு மாடு, ஓரமாக ஒரு கன்று. அந்த வீட்டின் நிலையான வைப்பு அதுதான்.

ஏன் வங்கியில் போடவில்லை என்று கேட்பது சுலபம். காணி உறுதி இல்லாத குடும்பத்துக்கு அவசரத்தில் வங்கி என்ன கொடுக்கும்? லயமும் கம்பனிக் கணக்கில், சுற்றியுள்ள நிலமும் கம்பனிக் கணக்கில். நகை இருந்தால் அடகு கடை. இல்லாவிட்டால் கிழமைக்கு ஒருதரம் வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரர், அவர் செய்த வேலையை மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையில் ரொக்கமாக இருந்தாலோ அது தங்காது. மச்சான் கேட்பார், சின்னம்மா கேட்பார், கடைக் கணக்கு காத்திருக்கும். மாட்டில் கால்வாசியை வெட்டிக் கைமாற்றுக் கொடுக்க முடியாதே! பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக் கோழி, திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆடு, கூரை மாற்ற, கல்யாணம் பேச, கம்பஸுக்கு அனுப்ப மாடு என்று நம்ம ஆட்கள் அளவு பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். முதல் போட வழியில்லாதவர்கள் பங்கு வாரத்துக்கு வாங்கி வளர்க்கிறார்கள். மாடு ஒருவருடையது, மேய்ப்பு இன்னொருவருடையது, கன்றைப் பேச்சுப்படி பங்கு போட்டுக்கொள்வார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் தொடங்கி நாலைந்து வருடத்தில் சொந்தப் பட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

2022ஐ மறந்துவிட்டோமா? அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 95ஐ நெருங்கியது. வங்கியில் போட்டு வைத்திருந்தவர்களின் காசு கண்ணெதிரே தேய்ந்தது. பட்டியில் நின்ற மாட்டின் விலையோ மற்ற சாமான்களோடு சேர்ந்து ஏறியது. பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்றபோது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் தேத்தண்ணீர் இருந்தது. அதற்கு முந்தின வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியபோது கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்து மரக்கறிக்காரர்கள் மாட்டெருவைத் தேடி அலைந்ததும் ஞாபகம் இருக்கும். ஆனால் புண்ணாக்கு, தீவன விலையும் அப்போது தலைக்கு மேல் போனது, தாக்குப்பிடிக்க முடியாமல் விற்றவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தியாவில் உத்தரப் பிரதேசக் கிராமங்களை வைத்து 2013இல் சில பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். வீட்டு ஆட்களின் உழைப்புக்குச் சந்தைக் கூலி போட்டால் பசு மாட்டில் போட்ட முதலுக்கு 64 வீத நட்டம். அந்த உழைப்புக்குக் கூலியே போடாவிட்டால் நட்டம் 6 வீதம்தான். இதைக் காட்டி மாடு வளர்ப்பது முட்டாள்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்பது வீட்டு ஆட்களின் உழைப்பு. நம்ம லயங்களில் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் உழைப்பு. விடியுமுன் எழும்பி சாணி வழித்து, பால் கறந்து, பால் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடி, மாலைவரை கொழுந்து எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற வழியிலேயே வடிகால் கானோரத்தில் புல் அறுத்து, மழையில் நனைந்து இரண்டு பங்கு கனமான கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி வருகிறாள். மழைக்காலத்து இளம்புல்லைத் தின்ற மாட்டின் பாலில் கொழுப்பு இறங்கிவிடும். கொழுப்பும் மற்றத் திண்மமும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள், அதே போத்தலுக்கு அந்த மாதம் காசு குறைவு. பால் காசு அவள் கைக்கு வருகிற வீடும் இருக்கிறது, வராத வீடும் இருக்கிறது. வராத வீடுகளைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும், இங்கே விடுகிறேன்.

சரி, சேர்ப்பதில் குறையில்லை. அடி விழுவது எடுக்கிற நேரத்தில்.

எங்கள் மேல் லயத்து அக்கா ஒருவர் மகனுக்குக் கம்பஸ் கிடைத்ததும் மாட்டை விற்க வேண்டியதாயிற்று. ஆறு மாதச் சினை, இன்னும் கறந்துகொண்டிருந்தது. வியாபாரி வந்தார், பட்டியை ஒருதரம் சுற்றினார், மடியைத் தடவினார். "ஒரு காம்பு அடைச்ச மாதிரி இருக்கே அக்கா" என்றார். நாலு காம்பிலும் அன்று காலையில் கறந்தவர் அக்கா. "சினைன்னு நீங்க சொல்றீங்க, துண்டு இருக்கா?" என்றார். சினை ஊசி போட்டபோது கொடுத்த துண்டு எப்போதோ தொலைந்திருந்தது. கடைசியாகச் சிரித்துக்கொண்டே, "தம்பி வர்ற கிழமை போகணுமாமே" என்றார். அவ்வளவுதான், பேரம் முடிந்தது. கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேறு இடத்தில் விற்கலாமே என்பீர்கள். மாட்டை லொறியில் ஏற்ற அனுமதிப் பத்திரம் வேண்டும், அதற்குக் கிராம சேவகரிடமும் மிருக வைத்தியரிடமும் போய் வர வேண்டும், ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். வியாபாரிக்கு அது தொழில், எல்லாம் தயாராக வைத்திருப்பார். போதாததற்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் காசு தேவை, அவருக்கு அவசரமே இல்லை.

அழிகிற அபாயமும் உண்டு. கால் வாய் நோய் வந்தால் பால் நின்றுவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலை சரிந்தபோது வீடுகளோடு பட்டிகளும் மண்ணுக்குள் போயின. வங்கிப் புத்தகம் தொலைந்தால் இன்னொன்று எடுக்கலாம், மண்ணுக்குள் போன மாட்டுக்கு யாரிடம் போய் நிற்பது?

ஆகவே, சேமிப்பின் நன்மைகள் என்று தோட்டத்துக்கு வந்து வகுப்பு எடுக்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் நிறுத்துங்கள். முடிந்தால் சினைத் துண்டைப் பத்திரமாக வைக்க ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு புத்தகம் போட்டுக் கொடுங்கள். பால் சங்கம் இருக்கிற இடத்தில் அவசரத்துக்கு மாட்டின் பேரில் சங்கமே கடன் கொடுத்தால், அந்த அக்கா, மாடு கன்று போடும் வரை காத்திருந்து நல்ல விலைக்கு விற்றிருப்பார். அப்புறம் புல். தேயிலை போட முடியாத ஓடைக்கரைகளும் சரிவுகளும் எல்லாத் தோட்டத்திலும் சும்மா கிடக்கின்றன. அதில் சீஓ-3 என்கிற தீவனப் புல் நட எழுத்தில் அனுமதி கொடுக்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்கலாம். வாய்ச்சொல்லில் கிடைக்கிற அனுமதி, தோட்டத்தை நடத்துகிற துரை மாறினால் போய்விடுகிறது, புதிதாக வருகிறவர் முதல் மாதமே பட்டியை உடைக்கச் சொல்கிறார்.