மூன்று செக்கனில் ஆள் தெரிய வேண்டும்

2025 டிசம்பரில் அமெரிக்க ரெஸ்லிங் வீரர் ஜோன் சீனா ஓய்வு பெற்ற கிழமை என் முகநூல் முழுக்க அவர் படம்தான். 17 தடவை உலகச் சம்பியன், எத்தனையோ வருடம் டபிள்யூ.டபிள்யூ.ஈ கம்பனியின் முகம் என்று பெடியள் உருகி உருகி எழுதினார்கள். எல்லாம் சரி. ஆனால் 2005 இலிருந்து அவர் வருவதற்கு முன்னால் வந்த அந்த ஊதல் சத்தத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதை நான் காணவில்லை. ரெஸ்லிங் பக்கம் தலை வைத்தும் படுக்காத என் அம்மாவுக்குக்கூட அது தெரியும். சீனாவைப் பிடிக்காத சனம் அந்த மெட்டிலேயே அவரை ஏசிப் பாடியது. மண்டபம் நிறைந்த சனம் ஒரே தாளத்தில் நின்று ஏசுவதற்கும் இடம் கொடுக்கிறதென்றால் அது எவ்வளவு பலமான மெட்டு!

வீரன் உள்ளே வரும்போது போடும் என்ட்ரி மியூசிக் என்பது சும்மா ஒரு அலங்காரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. ஆட்டத்தின் பாதி அதுதான். சில பேருக்கு முக்கால்வாசி. ஒரு வீரன் நல்லவனா, கெட்டவனா, அவனுக்கு என்ன கோபம், எவ்வளவு திமிர் என்பதெல்லாம் அவன் ஒரு அடி எடுத்து வைக்க முதலே சனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மூன்று செக்கன்தான் அதற்கு நேரம். அதற்குள் மண்டபம் எழும்பாவிட்டால் அந்த இசை தோற்றுப்போனது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ரோன் கோல்ட் ஸ்ரீவ் ஒஸ்ரினுக்குக் கண்ணாடி நொறுங்கும் சத்தம். 1999 ஜனவரி 4 ஆம் திகதி ஒளிபரப்பான றோ என்ற ரெஸ்லிங் நிகழ்ச்சியில் மான்கைண்ட் என்ற வீரர், றொக் என்ற வீரரை வென்று முதல் தடவையாகச் சம்பியனானார். சண்டை குழம்பி, ஆளுக்காள் அடிபட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் அந்தக் கண்ணாடி உடைந்தது. வீடியோ இப்போதும் கிடைக்கும், போட்டுப் பாருங்கள். ஒஸ்ரின் இன்னும் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறார். அதற்குள் மண்டபம் இடிந்து விழுமாப்போல சனம் கத்தத் தொடங்கிவிடுகிறது. ஆளைக் காண்பதற்கு முன்பே ஆள் வந்துவிட்டார். ஒரு சத்தத்தால் இதைச் செய்ய முடியுமென்றால் அதைச் செய்தவரை நான் கலைஞன் என்றுதான் சொல்வேன்.

அவர் பெயர் ஜிம் ஜோன்ஸ்ரன். 1985 இலிருந்து 2017 வரை, 32 வருடம் அந்தக் கம்பனிக்கு இசையமைத்தவர். பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்துப் பதிவு செய்தவர். ஒஸ்ரினுடையது, றொக்குடையது, வின்ஸ் மக்மானின் அந்தத் திமிர் பிடித்த பாட்டு எல்லாம் அவருடையவை. எங்கள் தலைமுறைப் பெடியளின் காதுக்குள் இளையராஜாவும் ரஹ்மானும் இருந்தார்கள், பெயர் தெரியாமல் இவரும் இருந்தார். வீரர்களின் உயரம், நிறை, எந்த வருடம் யாரை எதில் வென்றான் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். இந்த மனுசனின் பெயர் மட்டும் ஒரு ரெஸ்லிங் கார்டிலும் இருக்கவில்லை. அது எனக்கு இன்றும் கவலைதான்.

அவருக்கு முன்னாலும் இசை இருந்தது. 1940களிலேயே கோர்ஜியஸ் ஜோர்ஜ் என்ற அமெரிக்க வீரர், எட்வர்ட் எல்கர் 1901 இல் எழுதிய ஒரு அணிநடை இசையைப் போட்டுக்கொண்டு, சுருட்டிய பொன்னிற முடியும் பளபளக்கும் மேலங்கியுமாக வருவார். 80களில் ரண்டி சவேஜும் அதே இசையில்தான் வந்தார். றொக் பாட்டைப் போட்டுக்கொண்டு வருவதை எல்லாருக்கும் பழக்கிவிட்டதில் ஃபிறீபேர்ட்ஸ் என்ற ரெஸ்லிங் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் வீரனுக்கு வீரன் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்ததில் ஜோன்ஸ்ரனுக்கு ஈடாக எவரையும் நான் காணவில்லை.

அண்டர்ரேக்கரைப் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும். 1990 நவம்பர் 22 இல் முதல் வந்தார், 2020 நவம்பர் 22 இல் விடைபெற்றார். சரியாக முப்பது வருடம். அவருடைய இசைக்குள்ளே ஷோபான் என்ற போலந்து இசைமேதையின் சாவு ஊர்வல இசை கிடக்கிறது. அதற்கு முன்னால் அந்த ஒற்றை மணி. ஒருதரம் அடிக்கும், லைட் எல்லாம் அணையும். பிறகு அந்த நடை. மற்றவர்கள் எல்லாம் ஓடி வருவார்கள், குதித்து வருவார்கள், சனத்தின் கையைத் தட்டிக்கொண்டு வருவார்கள். இவர் மட்டும் எவருக்கும் அவசரப்படாமல் நடப்பார். அந்த நடையின் வேகத்தை இசைதான் வைத்தது. கொஞ்சம் வேகமான மெட்டு ஒன்றைக் கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட ஏழடி உயரமான இன்னொரு வீரன் என்பதோடு கதை முடிந்திருக்கும்.

அந்த மணி என்ன சொல்கிறது என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. செத்த வீட்டில் சங்கும் சேமக்கலமும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒழுங்கை முனையில் சேமக்கலம் கேட்டால் விளையாட்டை நிற்பாட்டிவிட்டு வேலியோரம் ஒதுங்கி நிற்போம். ஷோபானைத் தெரியாது, இங்கிலிஷ் கொமென்ட்ரி பாதி விளங்காது. ஆனால் மணி அடித்தவுடன் சாவு வருகிறது என்று உடம்புக்கு விளங்கியது.

2002 இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு எங்கள் பக்கம் கேபிளும் டிஷ்ஷும் ஒவ்வொரு வீடாக ஏறின. எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது. படிக்கிற நேரத்தில் அங்கே போக விடமாட்டார்கள். ஆகவே நான் நிறைய ரெஸ்லிங்கை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து காதால்தான் பார்த்திருக்கிறேன். கிடுகுவேலி படத்தைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது. கண்ணாடி உடைந்தால் ஒஸ்ரின், மணி அடித்தால் அண்டர்ரேக்கர், அந்த முரட்டுக் குரல் பாடத் தொடங்கினால் ட்ரிபிள் எச். (அந்தக் குரல் மோட்டர்ஹெட் குழுவின் லெம்மியுடையது, 2001 இல் ரெஸில்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சியில் நேரடியாக மேடையிலேயே பாடினார்.) சண்டை முடிந்தால் வென்றவனின் இசைதான் போகும், ஆகவே முடிவும் எனக்குத் தெரிந்துவிடும். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் முழுதாகப் பார்த்தவனோடு சரிசமமாக நின்று கதைப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி என்பது மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. இடைவேளை முடிந்து அதை அடிக்கும்போது வகுப்பில் எவனாவது ஒருவன் அண்டர்ரேக்கர் மாதிரிக் கண்ணை மேலே சொருகி, வெள்ளை முழி காட்டிக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே வருவான்.

"எல்லாம் நடிப்புத்தானே, முதலே பேசி வைத்த சண்டைதானே, அதற்கு என்ன இசை, என்ன ஆராய்ச்சி?" என்று ஒரு அண்ணை போன கிழமை கேட்டார். அவர் சிறு வயதில் விடிய விடியக் கூத்துப் பார்த்த மனுசன். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: அரிச்சந்திரனுக்குக் கடைசியில் என்ன நடக்கும் என்று தெரியாமலா சனம் அந்த வேடம் கட்டிய நடிகமணி வைரமுத்துவைப் பார்க்கப் பாயோடு போனது?

கூத்தில் கட்டியகாரன் முதலில் வந்து அரசன் வரப்போகிறான் என்று சொல்வான். பிறகு அரசனுக்கென்று ஒரு வரவுப் பாட்டு, அதற்கொரு தாளக்கட்டு, அதற்கொரு ஆட்டம். மந்திரிக்கு வேறு, பெண் பாத்திரத்துக்கு வேறு. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்ததும் களரியைச் சுற்றி இருக்கும் சனம், நித்திரையால் எழும்பிய பிள்ளை உட்பட, யார் வரப்போகிறார் என்று தெரிந்துகொள்ளும். வட்டுக்கோட்டையிலும் குருநகரிலும் பாசையூரிலும் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்புக் கோட்டுப் போட்ட அறிவிப்பாளர் பெயரை இழுத்துச் சொல்ல, இசை எழும்ப, வீரன் வருவதைப் பார்க்கும்போது இது எங்களுக்கு அந்நியமான கலை என்று என்னால் நினைக்க முடியவில்லை. அண்ணை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வரவு பிழைச்சால் அந்தப் பாத்திரமே எடுபடாது தம்பி" என்றார். நான் சொல்ல வந்ததும் அதைத்தான்.

இசை அந்த வீரனுக்காகவே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஹல்க் ஹோகன் வருடக்கணக்கில் வந்த அந்த அமெரிக்கப் பெருமைப் பாட்டு முதலில் வேறு ஒரு இரட்டையர் அணிக்கு என்று வைத்திருந்தது. எட்ஜின் பாட்டு ஆல்ரர் பிரிட்ஜ் குழுவின் 2004 ஆம் ஆண்டு இசைத்தட்டில் இருந்து வந்தது. 2020 றோயல் ரம்பிள் போட்டியில் அவர் ஒன்பது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது அந்தப் பாட்டின் முதல் வரி கேட்டு மண்டபம் என்ன பாடுபட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சீ.எம். பங்கின் பாட்டு லிவிங் கலர் குழு 1988 இல் வெளியிட்டது, அப்போது பங்க் ஒரு சின்னப் பெடியன். எங்கே பிறந்தாலும் பரவாயில்லை, ஒருவனுக்குக் கொடுத்த பிறகு அது அவனுடையதாகவே இருக்க வேண்டும். இன்னொருவன் அதில் நடந்து வரக்கூடாது. இந்திய வீரர் கிரேட் காலிக்கு பஞ்சாபி எம்சி என்ற கலைஞரின் இசையைப் போட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா! எங்கள் பக்கத்துத் தாளம் ஒன்று அந்த மண்டபத்துக்குள் முதல் தடவையாக அதிர்ந்ததுபோல இருந்தது. காலியின் ஆட்டம் எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை.

இப்போது வரும் இசையில் பெரும்பகுதி எனக்கு மனதில் நிற்கவில்லை. 2020 இற்குப் பிறகு டெஃப் ரெபெல் என்ற குழு செய்கிறது. றோமன் ரெயின்ஸுக்கு அவர்கள் கொடுத்தது நல்ல இசை, ராசநடை, அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் பலதைக் கண்ணை மூடிக் கேட்டால் யார் வருகிறார் என்று பிடிபடாது. ஒரே கனமான அடி, ஒரே மாதிரித் தொடக்கம். காரணம் விளங்காமல் இல்லை. வெளியார் பாட்டென்றால் உரிமைப் பணம் கட்ட வேண்டும். பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் ஏற்றும்போது சில இடங்களில் அசல் பாட்டை எடுத்துவிட்டு வேறு எதையோ ஒட்டியிருப்பதும் இதனால்தான், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று வீரனின் முகத்தையே மிச்சம் பிடித்துவிட்டார்கள். கோடி றோட்ஸைப் பாருங்கள். கம்பனிக்கு வெளியே இருந்த காலத்தில் டவுன்ஸ்ரெயிட் குழு அவருக்காகச் செய்த பாட்டை 2022 இல் திரும்பி வரும்போது கையோடு கொண்டுவந்தார். இன்று சனம் முழுவதும் அவரோடு சேர்ந்து குரல் எழுப்புகிறது. தன்னுடைய இசையை விட்டுக்கொடுக்காததுதான் அவர் எடுத்த நல்ல முடிவுகளில் முதன்மையானது என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் அமெரிக்காக் கதை என்று விட்டுவிட முடியாதபடி எங்கள் ஊரிலும் அதே வருத்தம்தான். போன வருடம் ஒரு உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்குப் போயிருந்தேன். மின்னொளியில் ஆட்டம், நல்ல சனம், பெரிய ஸ்பீக்கர். முதல் அணி மைதானத்துக்குள் வரும்போது ஒரு சினிமாக் கதாநாயகனின் பின்னணி இசை போட்டார்கள். உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது அணி வரும்போதும் அதே இசை! பரிசு கொடுக்க வந்த பிரமுகருக்கும் அதே இசை! அடுத்த கிழமை ஒரு கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை பொம்பிளை உள்ளே வரும்போதும் புகைக்கு நடுவே அதேதான் போனது. எல்லாருக்கும் ஒரே வரவு என்றால் ஒருவருக்கும் வரவு இல்லை. எத்தனை கரப்பந்தாட்ட அணிகள், எத்தனை கபடி அணிகள், எத்தனை வருடப் பழைய கழகங்கள் எங்களிடம் இருக்கின்றன! ஜேர்சிக்கு நிறம் இருக்கிறது, கொடி இருக்கிறது, சின்னம் இருக்கிறது. சத்தம் மட்டும் இரவல்.

இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் பிடித்த பெடியள் இருக்கிறார்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாசித்த மண் இது. வீட்டுக்குள்ளேயே கொம்பியூட்டரில் இசை செய்து யூரியூபில் போடும் பிள்ளைகளும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் ஒரு அறைக்குள் இருத்தி, ஒரு கழகத்துக்கென்று முப்பது செக்கன் இசை செய்தால் போதும். முதல் மூன்று செக்கன் மட்டும் வேறு எங்கும் கேட்காத சத்தமாக இருக்க வேண்டும். தவிலில் முத்தாய்ப்பாக அடிக்கும் ஒரு அறுதியாகவோ, கடற்கரைக் கழகம் என்றால் ஒரு சங்கொலியாகவோ. வரும் பருவத்துக்கு எந்தக் கழகமாவது செய்து பார்க்க விரும்பினால் உள்பெட்டிக்கு வாருங்கள். ஒலிப்பதிவுச் செலவில் என் பங்கை முதலில் நான் தருகிறேன், மிச்சத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பெடியளிடம் கேட்போம்.