கண்ணாடியைப் பிடிப்பது வாயல்ல

ஓடைகளில் வாழும் ஹில்ஸ்ட்ரீம் லோச் மீன், தொட்டியில் தன் உறிஞ்சும் வாயால் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது என்று மீன் வளர்ப்போர் குழுவில் ஒருவர் எழுத, பலர் அதை வழிமொழிந்திருக்கிறார்கள். தொட்டிகளில் வளர்க்கும் இன்னொரு மீனான பிளெக்கோவைப் பொறுத்தவரை அது சரி. ஹில்ஸ்ட்ரீம் லோச்சுக்குப் பொருந்தாது.

வியட்நாம் ஓடைகளைச் சேர்ந்த செவெல்லியா லினியோலாட்டா என்ற ஹில்ஸ்ட்ரீம் லோச் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மார்புத் துடுப்புகளும் இடுப்புத் துடுப்புகளும் பக்கவாட்டில் விசிறிபோல் விரிந்திருக்கும். இடுப்புத் துடுப்புகள் பின்புறம் ஒன்றாக இணைந்தும் இருக்கும். இவையும் தட்டையான வயிறும் சேர்ந்துதான் ஒட்டும் தட்டாகின்றன. அடிப்பக்கத்தில் இருக்கும் சிறிய வாயின் வேலை பாசிப் படலத்தைச் சுரண்டுவது மட்டுமே.

புத்தகமெல்லாம் வேண்டாம். மீன் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து அதன் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள், மங்கலாக இருந்தால் ஒரு டார்ச் போதும். மேயும்போது வாய் திறந்து திறந்து மூடும், ஆனால் பிடி நழுவாது. வாயால் பிடித்திருந்தால் ஒவ்வொரு கடிக்கும் கீழே விழுந்திருக்க வேண்டுமே! துடுப்புகளின் ஓரம் கண்ணாடியோடு படிந்திருப்பதும் தெரியும். நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது மாலை முழுவதும் தொட்டி முன்னாலேயே போயிற்று.

பிளெக்கோ வைத்திருப்பவர்கள் அதையும் இதேபோல் பாருங்கள்: அங்கே வட்டமான உதடு கண்ணாடியில் அழுந்தியிருக்கும்.