முதலை மீட்ட கதை

மாமனார்: அம்மா, சீக்கிரம் வா! முதலை மீட்டுவிட்டார்கள்!

மருமகள்: (கையில் மாவோடு ஓடிவந்து) உண்மையாகவா, மாமா? வட்டி போனால் போகட்டும், என் வளையலை விற்றுப் போட்டதாவது வந்தால் போதும். எவ்வளவு மீட்டிருக்கிறார்கள்?

மாமனார்: 12 அடி இருக்கும். வாயைக் கயிற்றால் கட்டிப் படகில் ஏற்றுகிறார்கள்.

மருமகள்: முதலாளியையா?

மாமனார்: முதலையை அம்மா, ஆஸ்திரேலியாவின் உவர்நீர் முதலையை! ஸ்டீவ் இர்வினின் வாழ்க்கையைப் படமாக எடுத்து, தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்புகிறார்கள். மனிதர்கள் நடமாடும் இடத்துக்கு வந்துவிட்ட முதலைகளைச் சுட்டுக் கொல்லாமல், உயிரோடு பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விட்ட மனிதர்.

மருமகள்: அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிவந்தேன். சத்துவாச்சாரியில் நம் தெருவில் பாதிப் பேர் பைனான்சில் போட்டு இழந்த முதலை இந்த இர்வின் மீட்டுத் தருவாரானால், நானும் உட்கார்ந்து பார்ப்பேன்.

மாமனார்: எப்போதும் பணத்தையே நினைக்காதே. அவருடைய குடும்ப வாழ்க்கையைப் பார். 1992இல் திருமணமான கையோடு தேனிலவுக்குக்கூடப் போகாமல் முதலை பிடிக்கப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணும் முகம் சுளிக்காமல் கூடவே போயிருக்கிறாள்.

மருமகள்: முதலை பிடித்ததுதான் அவர்களுடைய தேனிலவே, மாமா. அதைப் படம்பிடித்ததுதான் அவர்களுடைய தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியாக வந்தது. அவர் மனைவி டெர்ரியும் வேடிக்கை பார்க்கப் போனவர் அல்லர். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் காட்டு விலங்குகளுக்கு மறுவாழ்வு நிலையம் நடத்தி வந்தவர். உங்கள் படத்திலோ அரை மணி நேரமாகக் கரையில் நின்றுகொண்டு, 'ஐயோ, பார்த்து, பார்த்து' என்பதைத் தவிர வேறு வசனமே இல்லை. முதலைக்குக்கூட நாலு விதமான உறுமல் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் புலம்பலைக் கேட்டு, நீங்கள் மாலைத் தொடர்தான் பார்க்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

மாமனார்: எப்படியானால் என்ன, கணவனோடு சேர்ந்து போனாளா இல்லையா?

மருமகள்: கணவனோடு போனார், மாமனார், மாமியாரோடு போகவில்லை. நாங்கள் ஏலகிரிக்குப் போனபோது பின் இருக்கையில் நீங்களும் அத்தையும் இருந்தீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பலகையைப் படித்துக் காட்டினீர்கள். மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் வளைவு வந்ததும், அத்தைக்குக் குளிர்கிறது என்று என் புதுச் சால்வையை வாங்கிக் கொடுத்தீர்கள். இன்றுவரை திரும்பி வரவில்லை. அந்த முதலும் போயிற்று.

மாமனார்: படத்தைப் பார், அம்மா. மகளுக்கு எவ்வளவு அழகாகப் பிண்டி சூ என்று பெயர் வைத்திருக்கிறார்!

மருமகள்: பிண்டி அவருக்குப் பிடித்த முதலையின் பெயர். பின்னால் வரும் சூ, நாயின் பெயரிலிருந்து எடுத்தது. என் மகளுக்கு உங்கள் அம்மாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தீர்களே; தேர்வுத் தாளில் அந்தப் பெயரை அவள் எழுதி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. மூன்றெழுத்தில் ஒரு முதலையின் பெயரைச் சொல்லியிருந்தால் நான் மறுபேச்சே பேசியிருக்க மாட்டேன்.

(விளம்பர இடைவேளை. முதலையின் வாய்க்கும் இர்வினின் கைக்கும் நடுவே ஒரு நகைக்கடனும் இரண்டு சோப்பும் வந்து போகின்றன. அடுப்படியில் பால் பொங்கி வழிந்துவிட்டது.)

மாமனார்: 2006 செப்டம்பர் 4. திருக்கை மீனின் முள் மார்பில் பாய்ந்து, 44 வயதில் போய்விட்டார். வாயில்லா உயிர்களை இப்படி நேசித்த மனிதருக்கு... (குரல் தழுதழுக்கிறது)

மருமகள்: கண்ணீரா, மாமா?

மாமனார்: கண்ணீர் என்று ஒப்புக்கொண்டால் நீ அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவாய். வியர்வை.

மருமகள்: வேலூரில் மே மாதத்தில் எதையும் வியர்வை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். போன வெள்ளிக்கிழமை குளியலறைச் சுவரோரம் ஒரு சாரைப்பாம்பு வந்ததே, அதற்கு நஞ்சே கிடையாது, எலி பிடிக்க வந்திருக்கிறது, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டேன், அவர்கள் வந்து பிடித்துக்கொண்டுபோய் மலையடிவாரத்தில் விட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு தெருவிலிருந்து நாலு பேரைத் தடியோடு கூப்பிட்டீர்கள். அடித்துப் போட்ட பிறகு பார்த்தால், அதன் வாயில் பாதி விழுங்கிய எலியின் வால் வெளியே தெரிந்தது.

மாமனார்: அது பாம்பு, அம்மா. கடித்துவிட்டால்?

மருமகள்: இது முதலை. கடிக்காதா?

மாமனார்: இது ஆஸ்திரேலியாவில் அல்லவா இருக்கிறது!

(உள்ளறையில் ஏதோ கொறிக்கும் ஓசை.)

மாமனார்: அது என்ன சத்தம்?

மருமகள்: எலி, மாமா. நேற்று வாங்கிய 25 கிலோ பொன்னி அரிசி மூட்டை. அந்த நாலு பேரையே மறுபடியும் கூப்பிடுங்கள்.