அறுபதைத் தாண்டினால் கஞ்சி மட்டும் போதுமா?

“60 வயதுக்குமேல் மீன், முட்டை, பருப்பு செரிக்காது, மூன்று வேளையும் கஞ்சி போதும்” என்று கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு.

வயதாகும்போது குறைவது கலோரித் தேவைதான். புரதத் தேவை குறைவதில்லை. முதிய தசை புரதத்தை மந்தமாகவே பயன்படுத்துவதால், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம். வேளைக்கு 50 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சி, மூன்று வேளைக்கும் சேர்த்துத் தருவது சுமார் 12 கிராம்தான்! இப்படியே மாதக்கணக்கில் போனால் தொடைத் தசை கரையும், எழுந்து நிற்கும்போது தடுமாறி விழக்கூடும்.

கஞ்சியை நிறுத்த வேண்டாம், துணை சேருங்கள். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20, இரண்டு முட்டையில் 12, 30 கிராம் பருப்பில் 7, ஒரு கிண்ணம் தயிரில் 6 கிராம் புரதம் கிடைக்கும். பல பெரியவர்களுக்கு உண்மையான தடை செரிமானமல்ல, பல். சங்கரா மீனை வேகவைத்து, முள் நீக்கி, சுறாப்புட்டுபோல் உதிர்த்து வதக்கிக் கொடுங்கள். புரதத்தை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.