மணல் தட்டை எடுத்தாச்சு, இப்போது திருப்தியா?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடி பகிரப் போவதில்லை, சுற்றிய வரை போதும். யூகேஜி மிஸ்ஸைப் பார்த்து ஒரு அப்பா, “இவ்ளோ பணம் கட்டி என் பையன் இங்க வந்து மண்ணுல விளையாடுறானா?” என்று கத்துகிறார். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் நாலைந்து பேர் கைதட்டுகிறார்கள். நேற்று சாயங்காலம் சர்க்குலரும் வந்துவிட்டதாம். மணல் தட்டு, கட்டைகள், குழந்தைகள் கடை வைத்து விளையாடுகிற ‘கடை மூலை’ எல்லாம் வகுப்பை விட்டுப் போகின்றன. வரும் திங்களிலிருந்து தினம் இரண்டு பக்கம் எழுத்துப் பயிற்சி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்தும் கும்பிடு எமோஜியுமாகக் கொட்டுகிறதாம்.

சரி, வாழ்த்துகள்.

நானும் யூகேஜி டீச்சர்தான். அந்தப் பள்ளி இல்லை, வட சென்னையில் வேறொரு சின்னப் பள்ளி. என் வகுப்பிலும் மணல் தட்டு இருக்கிறது. அதனால் நான் ஒரு கட்சி என்றே வைத்துக்கொண்டு படியுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நாலு வயது, ஐந்து வயதுக் குழந்தைக்கு விளையாட்டுதான் பாடம். பாடம் முடிந்தால் தருகிற மிட்டாய் மாதிரி அதை நினைக்கிறீர்கள். பாடமே அதுதான்.

அந்த மணல் தட்டில் என்ன நடக்கிறது என்று அந்த அப்பா ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம். சலித்து, கழுவி, காயவைத்த மணலை ஒரு தட்டில் பரப்பி வைப்போம். குழந்தை ஆள்காட்டி விரலால் ‘இ’ எழுதும். நம்முடைய ‘இ’ எப்பேர்ப்பட்ட எழுத்து என்று யோசித்துப் பாருங்கள், எங்கே தொடங்கி எங்கே சுழித்து எங்கே முடிகிறது! தப்பாகப் போனால் தட்டை ஒரு குலுக்கு, போயே போச்சு. சிவப்பு மை கிடையாது, ரப்பர் போட்டுத் தேய்த்துத் தாள் கிழிவது கிடையாது. மறுபடி எழுதலாம். வீட்டில் ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் அழுகிற குழந்தை, மணலில் சொல்லாமலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

மணிக்கட்டில் 8 குட்டி எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் பொதுவாக அவை தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு வந்து, கடைசி எலும்பு இறுக ஆரம்பிக்கவே ஒன்பது, பத்து வயதாகிவிடும். வட்டம் வரைய ஏறக்குறைய மூன்று வயது, சதுரம் வரைய நாலு, நாலரை, முக்கோணத்தின் சாய்கோடு பிடிபட ஐந்து. குழந்தைக்குக் குழந்தை இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோடு நோட்டில் இரண்டு பக்கம் எழுது என்பது, ஆவி வருவதற்குள் இட்லித் தட்டை எடுக்கிற கதை. நாங்கள் மாவு பிசையச் சொல்வதும், மணி கோக்கச் சொல்வதும், துணி கிளிப்பை அழுத்தி அழுத்திக் கயிற்றில் மாட்டச் சொல்வதும், பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டச் சொல்வதும் பொழுது போகாமல் அல்ல. பென்சில் பிடிக்கப் போகிற அந்த மூன்று விரலுக்குத்தான் அத்தனை வேலையும்.

இன்னொன்று. இதே அப்பாக்கள்தான் விஜயதசமிக்குக் கோயிலில் வரிசையில் நின்று, பிள்ளையை மடியில் உட்கார்த்தி, தாம்பாளத்து அரிசியில் விரல் பிடித்து ‘அ’ எழுத வைத்து ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். அரிசியில் எழுதினால் சரஸ்வதி கடாட்சம், மணலில் எழுதினால் பீஸ் தண்டம்.

இது ஏதோ வெளிநாட்டு ஃபேஷன் என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். ஐயா, தயவுசெய்து கேளுங்கள். 1789-இல் நம் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். உடனே தன் பள்ளியிலும் மணல் பரப்பினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் சேர்த்து எழுதி 1797-இல் லண்டனில் அச்சிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நம்மிடமிருந்து போன மணலைத்தான் இப்போது நாமே வாரி வெளியே கொட்டுகிறோம்.

இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையாரையும் சொல்ல வேண்டும். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்போது அவருக்கு 69 வயது. அடுத்த வருடம் இத்தாலி போரில் இறங்கியதும் ஊர் திரும்ப முடியாமல் போர் முடியும் வரை இந்தியாவிலேயே இருந்தார், கொஞ்ச காலம் கொடைக்கானலில். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவிப் பழகுவது அவருடைய வழி. அவர் பெயரைப் போர்டில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு உள்ளே ஒர்க்ஷீட் அடிக்கிற இடங்கள் நம் ஊரில் எத்தனை என்று நான் சொல்லப் போனால் தனிப் பதிவு ஆகிவிடும்.

“அதெல்லாம் பணக்கார ஸ்கூலுக்கு” என்று ஒரு தோழி மெசேஜ் செய்தாள். இல்லைம்மா. 2003-இல் குழந்தை தானே செய்து பார்த்துப் படிக்கிற செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான். தரையில் பாய், குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, படி படியாக அட்டைகள். அப்புறம் அது மாநிலம் முழுக்கப் போனது. 2022-இல் அரசுப் பள்ளிகளின் சின்ன வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பாட்டு, கதை, செயல்பாடு எல்லாம் உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, குழந்தை இருக்கும் இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். கட்டணமே இல்லாத இடத்தில் இதற்கு மரியாதை இருக்கிறது. லட்சம் கட்டுகிற இடத்தில்தான் இது ஏமாற்று வேலையாகத் தெரிகிறது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சேர்ந்து பல வாரம் ஆகியும் வாய் திறக்கவில்லை. ஒர்க்ஷீட் கொடுத்தால் மூலையில் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். “ஸ்லோ” என்று மற்ற மிஸ்கள் முடிவே கட்டிவிட்டார்கள். ஒரு நாள் கடை மூலையில் பிளாஸ்டிக் காய்கறிகளும் பாட்டில் மூடிகளும் வைத்தேன், மூடிதான் காசு. அவன் பாட்டி தள்ளுவண்டியில் காய் விற்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. அவன் போய் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “வாங்கக்கா, தக்காளி என்னா வேணும்?” என்று குரல் வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒருத்தி பத்து மூடி கொடுத்தாள், ஆறு மூடிக்குத் தக்காளி எடுத்தாள். அவன் நாலு மூடியை எண்ணி அவள் கையில் வைத்து, “பாக்கி சரியா பாத்துக்கோ” என்றான். இன்னொருத்தன் பேரம் பேசியதற்கு, “காலைலனா இந்த வெலை, சாயங்காலம் வா கொறைச்சுத் தரேன்” என்று பதில் வேறு. கழித்தல் நான் இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவே இல்லை.

அந்த மூலையைத்தான் அங்கே எடுக்கிறார்கள். பையனின் பாட்டி அன்று பள்ளி கேட்டுக்கு வந்தபோது நான் இதைச் சொன்னதும், “அவன் வூட்ல இப்டிதான் மிஸ் பேசினே இருப்பான்” என்றார் சாதாரணமாக.

எங்கள் தரப்பிலிருந்து இன்னொன்றும் சொல்கிறேன். விளையாட்டு வழி என்றால் குழந்தைகளை அவிழ்த்து விட்டுவிட்டு டீச்சர் போன் பார்ப்பது அல்ல. இன்று மூலையில் என்ன வைக்க வேண்டும், யார் யாரோடு சேர வேண்டும், எந்த இடத்தில் ஒரு கேள்வி போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும் எல்லாம் முதல் நாளே யோசித்து வைத்தது. புளியங்கொட்டையை ஐந்து நெருக்கி ஒரு வரிசை, ஐந்து விரித்து ஒரு வரிசை வைத்து எது அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே பல வருடம் முன்பே காட்டியது இது. நூறு வரை மூச்சு விடாமல் எழுதுகிற குழந்தையும் விரித்த வரிசையைத்தான் காட்டும். எண் எழுதத் தெரிவது வேறு, எண்ணிக்கை புரிவது வேறு. பல்லாங்குழியில் குழி குழியாகக் கொட்டையைப் போட்டு, எடுத்து, மறுபடி எண்ணுகிற பிள்ளை தன் கையாலேயே அந்த இடத்துக்கு வந்து சேரும். எழுதச் சொல்லி அதை அங்கே தள்ள முடியாது.

“நாங்கல்லாம் எழுதித்தானே படிச்சு மேல வந்தோம்” என்பார்கள். வந்தீர்கள். எந்த வயதில்? தலைக்கு மேலாகக் கையைச் சுற்றிக் காதைத் தொட்ட பிறகுதானே ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தார்கள்? அதுவரை தெருவில் பாண்டி, கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், கூட்டாஞ்சோறு. தெருதான் உங்கள் எல்கேஜி. இப்போது அந்தத் தெருவில் கார் நிற்கிறது. குழந்தை மூன்றாவது மாடியில் போன் பார்க்கிறது. மிச்சம் இருக்கிற ஒரே இடம் என் வகுப்புதான். அதையும் கேட்கிறீர்கள்.

“ஒண்ணாம் வகுப்புக்கு வேற ஸ்கூல் மாத்தினா டெஸ்ட் வைக்கிறாங்களே” என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பயத்தை நான் தினமும் கேட்டில் பார்க்கிறேன். ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சேர்க்கையில் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 வரை. ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-இல் நம் உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டது. ஒண்ணாம் வகுப்புக்கே இல்லை, யூகேஜிக்கு இரண்டு பக்கமாம். சட்டத்தை மீறி டெஸ்ட் வைக்கிறவரிடம் யாரும் வீடியோ எடுத்துக் கத்துவதில்லை. அங்கே பவ்யமாக, “எஸ் மேடம், தேங்க் யூ மேடம்”. கத்துவதற்கு மணல் தட்டு வைத்த மிஸ் கிடைத்தார்.

கட்டணம் அதிகம் என்றால் அது வேறு சண்டை. அதை நிர்வாகத்திடம் போடுங்கள். எங்களுக்கு அதில் எவ்வளவு வருகிறது என்று கேட்டால் நீங்களே வெட்கப்படுவீர்கள்.

இதை எழுத ஆரம்பித்தபோது இவ்வளவு கோபம் இல்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் கணவரின் சித்தப்பா, “ஏம்மா, பசங்களோட விளையாடுறதுக்கும் சம்பளம் தராங்களா? குடுத்து வெச்சவ நீ!” என்று பந்தியில் எல்லோரும் கேட்கச் சொன்னார். சிரித்துவிட்டு ரசம் கேட்டேன். பெரியவர், வேறென்ன செய்ய? அந்த வீடியோவில் அந்த மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே, அவரும் அப்படித்தான் நின்றிருப்பார். படித்த படிப்பை, பயிற்சி எடுத்ததை, ராத்திரி உட்கார்ந்து அட்டை வெட்டியதை எல்லாம் ஒரு வார்த்தையில் “விளையாட்டு” என்று சுருட்டிக் கொடுத்தால் என்ன பதில் சொல்வது? அதிலும் அவரைக் கேட்காமல் படம் பிடித்து, முகத்தைக்கூட மறைக்காமல் ஊருக்கே அனுப்பி! காலேஜ் புரொபசரை அப்படி எடுப்பீர்களா? குழந்தைக்கு மூக்கு துடைத்துவிடுகிற பொம்பளைதானே என்ற நினைப்பு. அவ்வளவுதான் விஷயம், மணலெல்லாம் சாக்கு.

கைதட்டிய நாலைந்து பேரில் அம்மாக்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கமெண்ட்டில் சண்டை போட வருகிறவர்கள் வாருங்கள், பள்ளி விட்டு வந்து சாயங்காலம் பதில் சொல்கிறேன். என் பள்ளிப் பெயரைக் கேட்காதீர்கள். அந்த வீடியோ இன்னும் யார் போனில் இருந்தாலும், குறைந்தபட்சம் அதை அழித்துவிட்டு வந்து பேசுங்கள்.